லாபத்தில் எப்போது எழுந்திருப்பது? – ஜெஸ்ஸி லிவர்மோரின் வாழ்க்கை



போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் லிஃப்டில் நம் பிளாக் தம்பி ஒருவரைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. விசாரித்தேன். காலையில் வாங்கிய ஒரு ஷேரில் பதினொரு மணிக்கு 4,000 ரூபாய் லாபம் காட்டியதாம். இன்னும் ஏறும் என்று விட்டிருக்கிறார். மதியம் 3.20-க்கு புரோக்கர் கம்பெனியே கணக்கை முடித்தபோது 1,500 ரூபாய் நஷ்டம். நஷ்டம்கூடப் பெரிதில்லை அங்கிள், கையில் இருந்த லாபத்தை விட்டதுதான் தூங்க விடவில்லை என்றார். வாங்குவதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்கிறார்கள், எப்போது வெளியே வருவது என்று யாரும் சொல்வதில்லையே என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே கேள்வியோடு ஏறக்குறைய ஐம்பது வருஷம் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அமெரிக்காவின் ஜெஸ்ஸி லிவர்மோர். நம் இதழின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதிக்கு இந்த முறை அவரையே எடுத்துக்கொண்டேன். ஷேர் மார்க்கெட் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் ஃபோன் இருக்கிறது அல்லவா!

கரும்பலகைப் பையன்

லிவர்மோர் 1877 ஜூலை 26 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பையனுக்குக் கணக்கு நன்றாக வரும். ஆனால் அப்பா பள்ளியை விட்டு நிறுத்தி வயல் வேலைக்கு இழுத்தார். 14 வயதில் பையன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அம்மாவுக்குத் தெரிந்தேதான் கிளம்பினான், அவர் கையில் 5 டாலர் கொடுத்து அனுப்பினார் என்பார்கள்.

பாஸ்டன் நகரில் பெய்ன் வெப்பர் என்ற ஷேர் புரோக்கர் ஆபீசில் வேலை கிடைத்தது. டெலிகிராஃப் வழியாக வரும் விலைகளைப் பெரிய கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவதுதான் வேலை. வாரம் 5 டாலர் சம்பளம். மற்ற பையன்கள் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். இவன் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொண்டான். ஒரு ஷேர் ஏறுவதற்கு முன் எப்படி நடந்துகொண்டது, இறங்குவதற்கு முன் எப்படி நடந்துகொண்டது என்று தானே ஒப்பிட்டுப் பார்த்தான். இன்று நம் பிள்ளைகள் சார்ட் பார்க்கிறார்கள். அன்று இவனுக்கு நோட்டுதான் சார்ட்.

டப்பா கடைகள்

அந்தக் காலத்தில் அமெரிக்க ஊர்களில் பக்கெட் ஷாப் என்ற கடைகள் இருந்தன. நம் ஊரில் டப்பா டிரேடிங் என்று சொல்கிறோமே, சட்டம் தடை செய்தது, அதே ரகம். அங்கே பணம் கட்டினால் நிஜமாக ஷேர் எதுவும் வாங்கப்படாது. விலை ஏறுமா இறங்குமா என்று கடைக்காரரோடு கட்டும் பந்தயம்தான். நீங்கள் ஜெயித்தால் அவர் தருவார், தோற்றால் அவர் எடுத்துக்கொள்வார்.

15 வயதில் லிவர்மோர் 5 டாலர் கட்டி பர்லிங்டன் ரயில்வே ஷேரில் முதல் வியாபாரம் செய்தார். லாபம் 3 டாலர் 12 சென்ட். வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல்! சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். 16 வயதுக்குள் 1,000 டாலர் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு போனபோது, சூதாட்டப் பணம் என்று அம்மா வருத்தப்பட்டாராம். தொடர்ந்து ஜெயித்ததால் பாஸ்டன் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக இவரை உள்ளே விட மறுத்தார்கள். வேறு பெயரிலும் மாறுவேஷத்திலும் போய் வியாபாரம் செய்தார். பாய் பிளஞ்சர், அதாவது துணிந்து குதிக்கும் பையன் என்ற பட்டப்பெயரும் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கடைகளில் மார்ஜின் மிகவும் குறைவு. விலை ஒரு டாலர் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கட்டிய பணம் போய்விடும், கணக்கு தானாக முடிந்துவிடும். ஆகவே நஷ்டத்தில் எப்போது வெளியே வருவது என்று லிவர்மோர் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த முடிவைக் கடை எடுத்தது. லாபத்தில் எப்போது எழுந்திருப்பது என்ற ஒரே முடிவுதான் அவருடையது. இன்னொரு சௌகரியமும் இருந்தது. பலகையில் என்ன விலை எழுதியிருக்கிறதோ அதே விலையில் கணக்கு முடியும், ஒரு சென்ட் கூடக் குறையாது.

நியூயார்க்கில் கற்ற பாடம்

20 வயதைத் தாண்டியதும் நியூயார்க் போனார். அங்கே உண்மையான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். சில மாதங்களில் கைப்பணம் முழுக்கப் போனது. மறுபடி வெளியூர் பக்கெட் ஷாப்புகளுக்குப் போய்ப் பணம் சேர்த்துத் திரும்பினார். அதே ஆள், அதே மூளை. ஏன் அங்கே ஜெயித்தவர் இங்கே தோற்றார்?

அதற்கான பதில் 1901 மே 9-ம் தேதி பளிச்சென்று தெரிந்தது. நார்தர்ன் பசிபிக் என்ற ரயில்வே கம்பெனியைக் கைப்பற்ற ஹாரிமன் ஒரு பக்கமும், ஹில்லும் மார்கனும் மறு பக்கமும் போட்டி போட்டு ஷேர் வாங்கிக் குவித்தார்கள். சந்தையில் ஷேரே மிச்சமில்லை. கையில் இல்லாத ஷேரை முன்கூட்டி விற்றிருந்தவர்கள், அதாவது ஷார்ட் போனவர்கள், என்ன விலையானாலும் வாங்கித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு ஷேர் 1,000 டாலர் வரை போனது. அதற்குப் பணம் புரட்ட எல்லோரும் மற்ற ஷேர்களை வந்த விலைக்கு விற்றதில் மற்றவை எல்லாம் சரிந்தன.

மற்ற ஷேர்கள் சரியும், பிறகு வேகமாக மீளும் என்று லிவர்மோர் முன்பே கணித்திருந்தார். கணிப்பு சரி. ஆனால் அன்று விலை அச்சாகி வரும் டிக்கர் நாடா நிஜ விலையைவிட மிகவும் பின்தங்கி ஓடியது. அவர் ஒரு விலையைப் பார்த்து விற்கச் சொன்னால், அதற்கு மிகக் கீழே விற்றுக் கொடுத்தார்கள். இறங்கிவிட்டது என்று வாங்கச் சொன்னால், அதற்குள் விலை ஏறிவிட்டது. சுமார் 50,000 டாலர் கரைந்தது.

பலகையில் தெரியும் லாபம் வேறு, கையில் வரும் லாபம் வேறு என்று அன்று அவருக்குப் புரிந்தது. இன்று நம் ஃபோனில் பச்சை நிறத்தில் தெரியும் தொகையும் அப்படித்தான். பெரிய செய்தி வந்து விலை தாவும் நிமிஷத்தில் நாம் போட்டு வைத்த ஸ்டாப் லாஸ் விலையிலேயே விற்பனை நடக்கும் என்று உறுதி கிடையாது.

எழுந்திருக்கத் தெரிந்த நாட்கள்

1906 வசந்த காலத்தில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தபோது, யூனியன் பசிபிக் ரயில்வே ஷேரை ஷார்ட் போகத் தோன்றியது. பெரிய காரணம் எதுவும் அவரிடம் இல்லை. சந்தை நன்றாக இருந்த நேரம், கூட இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பெரும் பூகம்பம். முதலில் சந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பொறுத்திருந்தார். சேதத்தின் அளவு தெரியத் தெரிய விலை இறங்கியது. சுமார் 2,50,000 டாலர் லாபத்தோடு முடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் 1907 பீதி. நியூயார்க்கில் டிரஸ்ட் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. அக்டோபர் 24 அன்று புரோக்கர்களுக்குக் கடன் கொடுக்க ஆளே இல்லை. எக்ஸ்சேஞ்ச் தலைவர் ஜே.பி. மார்கனிடம் ஓட, மார்கன் வங்கிகளைக் கூட்டிச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் திரட்டிக் கொடுத்து எக்ஸ்சேஞ்சை மூடாமல் காப்பாற்றினார். சந்தை சரியும் என்று ஷார்ட் போயிருந்த லிவர்மோருக்கு அந்த ஒரே நாளில் 10 லட்சம் டாலர் லாபம். மேலும் விற்று நாட்டைக் கவிழ்க்க வேண்டாம் என்று மார்கன் தரப்பிலிருந்து அவருக்கு ஒரு வேண்டுகோள் வந்ததாகச் சொல்வார்கள். அவர் விற்பதை நிறுத்தி, ஷார்ட் போனதை எல்லாம் வாங்கி முடித்து, அதற்கு மேலும் வாங்கினார். சந்தை மீண்டபோது அவர் சொத்து சுமார் 30 லட்சம் டாலர்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது நல்ல மனசு மட்டுமாகத் தெரியவில்லை, நல்ல கணக்காகவும் தெரிகிறது. இன்னும் விலை இறங்கியிருக்கலாம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவன் திவாலானால் லாபத்தை யார் கொடுப்பார்கள்? எக்ஸ்சேஞ்சே மூடிவிட்டால் காகிதத்தில் உள்ள லாபத்தை எங்கே போய் மாற்றுவது? எல்லோரும் விற்கத் துடிக்கும் நேரம்தான் ஷார்ட் போனவன் சுலபமாக வாங்கி வெளியேறும் நேரம்.

இதே பாடத்தை 1908-ல் பருத்தியிலும் காட்டினார். ஜூலை மாத ஒப்பந்தத்தில் சுமார் 1,40,000 பேல் வாங்கி வைத்திருந்தார். அவ்வளவையும் விற்க ஆரம்பித்தால் அவர் விற்பதே விலையை உடைத்துவிடும். அந்த நேரம் ஒரு பத்திரிகை, ஜூலைப் பருத்தி முழுவதையும் லிவர்மோர் வளைத்துவிட்டதாக முதல் பக்கத்தில் செய்தி போட்டது. படித்தவர்கள் எல்லாம் வாங்க ஓடி வந்தார்கள். அவர் அன்று காலையிலேயே மொத்தத்தையும் அவர்களிடம் விற்று முடித்தார். அதற்குப் பிறகு விலை இன்னும் ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உச்ச விலையைத் தேடாமல், தன் சரக்கைத் தாங்கும் அளவு கூட்டம் இருக்கும் நேரத்தைத் தேடினார்.

கோதுமையை விற்று பருத்தியை வைத்துக்கொண்ட கதை

இவ்வளவு தெரிந்தவர் அதே 1908-ல் செய்த தவறுதான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமாகப் படுகிறது.

பருத்தி வியாபாரத்தில் பெயர் பெற்ற டெடி பிரைஸ் என்பவர் இவரோடு பழகினார். நன்றாகப் பேசக்கூடியவர், புள்ளிவிவரங்கள் விரல் நுனியில். பருத்தி ஏறும் என்று அவர் சொல்லச் சொல்ல, தனியாகவே முடிவெடுத்துப் பழகிய லிவர்மோர் மனம் மாறினார். வாங்கினார். விலை இறங்கியது. இன்னும் வாங்கினார். இன்னும் இறங்கியது. அதே சமயம் அவரிடம் கோதுமை இருந்தது. அது நல்ல லாபம் காட்டிக்கொண்டிருந்தது. பருத்திக்குப் பணம் வேண்டுமென்று லாபம் காட்டிய கோதுமையை விற்றார், நஷ்டம் காட்டிய பருத்தியை மேலும் மேலும் வாங்கினார். விற்ற கோதுமை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கையில் இருந்த பருத்தி 4 லட்சம் பேல்களுக்கு மேல். சேர்த்த சொத்தில் பெரும் பகுதி போய்விட்டது. 1907 லாபத்தில் வாங்கிய உல்லாசப் படகும் போனது.

பக்கெட் ஷாப்பில் நஷ்டத்தை வெட்டக் கடைக்காரர் இருந்தார். இங்கே யாரும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. 1992-ல் நானும் இதையே செய்தவன். என்னிடம் இரண்டு கம்பெனி ஷேர்கள் இருந்தன. ஒன்று கொஞ்சம் லாபம், மற்றொன்று பாதி விலை. லாபத்தில் இருந்ததை உடனே விற்று, ஆபீசில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். பாதி விலையில் இருந்தது வாங்கிய விலைக்கு வரட்டும் என்று வைத்தேன். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. சர்டிஃபிகேட் மட்டும் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. என் மனைவி வருஷத்துக்கு ஒரு முறை அதை எடுத்துக் காட்டி, இதை என்ன செய்யட்டும் என்று கேட்பார்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? லாபத்தில் விற்றால் நாம் சொன்னது சரி என்று ஆகிவிடுகிறது. நஷ்டத்தில் விற்றால் நாம் செய்தது தப்பு என்று நாமே கையெழுத்துப் போடுகிற மாதிரி. மனசுக்கு முதலாவது இனிப்பு, இரண்டாவது கசப்பு. அதனால் இனிப்பைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டு, கசப்பைத் தள்ளிப் போடுகிறோம். கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும்.

மீண்டு வந்தது

அடுத்த சில வருஷங்கள் கஷ்ட காலம். கடன் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் நியூயார்க் எக்ஸ்சேஞ்ச் நான்கு மாதம் மூடிக் கிடந்தது. 1915-ல் திவால் மனு கொடுத்தார்.

அந்த நிலையில் ஒரு புரோக்கர் 500 ஷேர் வரை வாங்கிக்கொள்ளக் கடன் வசதி கொடுத்தார். ஒரே ஒரு முயற்சிக்குத்தான் இடம், தப்பானால் அவ்வளவுதான். போர்த் தளவாடங்களுக்கான ஆர்டரால் பெத்லஹேம் ஸ்டீல் ஏறிக்கொண்டிருந்தது. ஏறும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் வாங்கவில்லை. ஒரு ஷேர் முதல் முறையாக 100-ஐத் தாண்டினால் நிற்காமல் ஓடும் என்பது அவருடைய பழைய நோட்டுக் கணக்கு. ஆறு வாரம் தினமும் டிக்கரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். 98-க்கு வந்தபோது வாங்கினார். லாபம் தெரிந்ததும் அதை வைத்து இன்னும் 500 வாங்கினார். சில நாட்களில் 145-ல் விற்று எழுந்தார். அதுதான் மறு வாழ்வின் முதல் படி.

திவால் சட்டப்படி பழைய கடன்களை அவர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் பணம் வந்ததும் எல்லோருக்கும் முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். கடன் கொடுக்கும் இடத்தில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்த இடத்தில் அவருக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன். வாராக் கடனை வரவாக்கியவர்கள் அபூர்வம்!

இன்னொன்றும் செய்தார். முதல் மனைவி நெட்டி ஜோர்டனிடம், முன்பு பணமுடை வந்தபோது தான் வாங்கிக் கொடுத்த நகைகளை அடகு வைக்கக் கேட்டிருந்தார். அவர் மறுத்தார். அந்த விரிசல் கடைசியில் 1917-ல் விவாகரத்தில் முடிந்தது. 1918-ல் டோரதி என்பவரை மணந்தார், இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இம்முறை குடும்பத்துக்காக ஒரு தொகையை, தானே நினைத்தாலும் எடுக்க முடியாதபடி டிரஸ்டில் பூட்டி வைத்தார். தன்னிடமிருந்தே தன் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

உச்சமும் சரிவும்

1923-ல் எட்வின் லெஃபெவ்ர் என்ற எழுத்தாளர், லிவர்மோரின் அனுபவங்களை லாரி லிவிங்ஸ்டன் என்ற கற்பனைப் பெயரில் புத்தகமாக வெளியிட்டார். ரெமினிசென்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர் என்ற அந்தப் புத்தகம் இன்றும் உலகம் முழுக்க விற்கிறது.

1929-ல் அமெரிக்காவில் கடைக்கோடி ஆள்வரை கடன் வாங்கி ஷேர் வாங்கிய நேரம், லிவர்மோர் ஷார்ட் போனார். அக்டோபரில் சந்தை உடைந்தது. அவருக்குச் சுமார் 10 கோடி டாலர் லாபம். வீடு திரும்பியபோது, சந்தை சரிந்த செய்தி கேட்டு எல்லாம் போய்விட்டதென்று நினைத்து மனைவி வீட்டுச் சாமான்களைக் காலி செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு.

இதுதான் எழுந்திருக்க வேண்டிய இடம். வயது 52. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஒவ்வொரு வியாபாரத்திலிருந்தும் வெளியே வரத் தெரிந்தவருக்கு, வியாபாரத்தை விட்டே வெளியே வரத் தெரியவில்லை. 1932-ல் இரண்டாவது விவாகரத்து. அடுத்த வருஷம் மூன்றாவது திருமணம். 1934 மார்ச்சில் மறுபடியும் திவால். கடன் 22 லட்சம் டாலருக்கு மேல், சொத்து 2 லட்சம் டாலருக்கும் குறைவு. ஐந்தே வருஷத்தில் 10 கோடி எங்கே!

1940 மார்ச்சில் தன் முறைகளைத் தானே எழுதி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு அருமையான விதி இருக்கிறது. ஒரு வியாபாரத்தில் ஜெயித்து முடித்த உடனே, லாபத்தில் பாதியை ரொக்கமாக எடுத்துத் தனியாகப் பூட்டிவிட வேண்டும் என்பது அந்த விதி. பெரும்பாலும் தான் அதைச் செய்யாமல் விட்டதையும் ஒளிக்காமல் எழுதினார். பல காலமாக மனச்சோர்வால் அவதிப்பட்டவர். அதே வருஷம் நவம்பர் 28 அன்று, 63 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

நமக்கு என்ன?

முதலில் நிலவரம். 2024-ல் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் அன்றாடம் வாங்கி அன்றே விற்கும் தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வியாபாரத்தில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். ஆகவே இதில் இறங்காமல் இருப்பவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. இறங்கியே தீருவேன் என்பவர்களுக்கு, லிவர்மோர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில விஷயங்கள்:

1. வாங்கும் முன்பே இரண்டு விலைகளையும் பேப்பரில் எழுதுங்கள். எந்த விலையில் நஷ்டத்தோடு எழுந்திருப்பேன், எந்த விலையில் லாபத்தை எடுக்க ஆரம்பிப்பேன். வாங்கிய பிறகு யோசிப்பது மூளை இல்லை, ஆசையும் பயமும்தான். பக்கெட் ஷாப் கடைக்காரர் இல்லாத இடத்தில் அந்தப் பேப்பர்தான் கடைக்காரர்.

2. சின்ன லாபம், பெரிய நஷ்டம் என்ற பழக்கம் வேண்டாம். ஜெயித்தால் 200 ரூபாயில் எழுந்திருப்பவர், தோற்றால் 500 வரை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 முறையில் 5 முறை ஜெயித்தாலும் வரவு 1,000, செலவு 1,000. புரோக்கரேஜும் வரிகளும் கைப்பணத்திலிருந்து போகும். 7-க்கு 5 ஜெயிப்பது லேசில்லை.

3. பாதி எடுங்கள், பாதி விடுங்கள். 500 ரூபாய் ஷேர் 100 வாங்கி, 495-ல் ஸ்டாப் லாஸ் போட்டால் அதிகபட்ச நஷ்டம் ஏறக்குறைய 500 ரூபாய். விலை 510 ஆனால் 50 ஷேரை விற்றுவிடுங்கள். 500 ரூபாய் கைக்கு வந்தாயிற்று. மிச்சம் 50-க்கு ஸ்டாப் லாஸை வாங்கிய விலையான 500-க்கு உயர்த்துங்கள். அது 520 போனால் இன்னொரு 1,000. திரும்பி இறங்கினாலும் முதலில் எடுத்த லாபம் பத்திரம். விலை ஏற ஏற ஸ்டாப் லாஸும் ஏறலாம், ஒருபோதும் இறங்கக் கூடாது. நம் பிளாக் தம்பி இதைச் செய்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

4. கூட்டம் இருக்கும்போதே விற்றுவிடுங்கள். உச்ச விலையைப் பிடிப்பவர் யாரும் இல்லை. சாயங்காலம் 3 மணிக்கு மேல் புரோக்கர் நம்மை வெளியே தள்ளும் வரை காத்திருந்தால், விலையைத் தீர்மானிப்பது நாம் அல்ல.

5. லாபம் காட்டுவதை விற்று நஷ்டம் காட்டுவதை வாங்காதீர்கள். கோதுமையும் பருத்தியும் நினைவிருக்கட்டும்.

6. லாபத்தில் பாதி அன்றே சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். மாதக் கடைசியில் ஒரு பகுதி வீட்டுக்காரர் பெயரிலோ வீட்டுக்காரி பெயரிலோ டெபாசிட் ஆகட்டும். நகையை அடகு கேட்கும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது. இந்த லாபம் வரி விஷயத்தில் வியாபார வருமானமாகக் கணக்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

7. மொத்தமாக எழுந்திருக்கவும் ஒரு எல்லை வேண்டும். இத்தனை ரூபாய் போனால் இந்த வருஷம் தொட மாட்டேன், இத்தனை வந்தால் நிறுத்திவிடுவேன் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். லிவர்மோரிடம் இல்லாமல் போனது இந்தக் கடைசி விதி ஒன்றுதான்.

வங்கியில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அலுப்பான வேலைதான். ஆனால் டேலி ஆனபின் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். மறுநாள் வரை அந்தப் பணம் நம் நினைவில் இருக்காது. அன்றைய கணக்கை அன்றே மூடிவிட்டு, மனசிலும் மூடிவிட முடிந்தவர்தான் லாபத்தோடு எழுந்தவர்.

ஒரு வேண்டுகோள். பண நஷ்டம் ஏற்பட்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கலாம். வீட்டில் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள். மனம் மிகவும் கலங்கினால் அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். போன பணம் வரும், வராது. ஆள் முக்கியம். சாயங்காலம் ஐந்தரைக்குப் பார்க் பெஞ்சில்தான் நான் இருப்பேன். பேச வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். ஷேர் டிப்ஸ் மட்டும் கேட்க வேண்டாம், பீரோவில் இருக்கும் சர்டிஃபிகேட்டே போதும்!

அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம்.